வெள்ளம் காவல் நின்ற காடு

காட்டு வாசலில் ஒரு மானி மாட்டி வைத்திருக்கிறார்கள். வெயிலை அளப்பதற்கு அல்ல, கொசுவை அளப்பதற்கு! பலகையில் பெரிதாக ஒரு கொசுப் படம், அரைவட்டமாக ஆறு நிலைகள், நடுவில் ஒரு முள். முதல் நிலைக்கு ‘ஒன்றுமில்லை’ என்று பொருள். அப்புறம் லேசு, நடுத்தரம், கடுமை என்று ஏறி, ஐந்தாவதில் ‘ஈவிரக்கமே இல்லை’, ஆறாவதில் ‘போர்க்களம்’. நாங்கள் போன ஏப்ரல் காலையில் முள் இரண்டில் நின்றது.

கொள்ளிடக் கரையில் பிறந்து, கொசுவலைக்குள்ளேயே பள்ளிப் பாடம் படித்தவன் நான். என் சிரிப்பைப் பார்த்து மகள் அதட்டினாள். “சிரிக்காதீங்கப்பா. ஜூலையில வந்து நில்லுங்க, தெரியும்.”

காங்கரி தேசியப் பூங்கா என்று பெயர். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், தலைநகர் கொலம்பியாவிலிருந்து தென்கிழக்கே முப்பது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. மகளும் மாப்பிள்ளையும் இருக்கும் சார்லட்டிலிருந்து விடியுமுன்பே கிளம்பிவிட்டோம். வெளியே பல் கிட்டும் குளிர். ஏப்ரலில் அக்னி நட்சத்திரத்துக்குத் தயாராகும் ஊர்க்காரனுக்கு இது என்ன நியாயம் என்று புலம்பிக்கொண்டே ஸ்வெட்டரின் மேல் இன்னொரு ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா. காரில் புளியோதரைப் பொட்டலங்களும் ஃபிளாஸ்க் நிறைய காப்பியும்.

வழி நெடுக நான் மலையைத் தேடிக்கொண்டே வந்தேன். நமக்குக் காடு என்றால் ஏறிப் போகிற இடம்தானே? கொல்லிமலை, முண்டந்துறை, வால்பாறை என்று எதை நினைத்தாலும் கொண்டை ஊசி வளைவும் காது அடைப்பும் சேர்ந்தே வரும். இங்கே சாலை தட்டையாகப் போய்க்கொண்டே இருந்தது. பைன் தோப்புகள், சின்னச் சின்ன தேவாலயங்கள், பெட்ரோல் பங்குகள். “இறங்குங்க மாமா, வந்தாச்சு” என்று மாப்பிள்ளை சொன்னபோது எனக்கு நம்பிக்கை இல்லை. “காடு எங்கே மாப்ளே?” என்றேன். அவர் கையை நீட்டிக் கீழே காட்டினார்.

கீழேதான் இருந்தது. சில அடி பள்ளத்தில், ஆற்றின் படுகையில்.

படுகை என்றால் காவிரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே, வெள்ளம் வந்தால் முங்கி, வடிந்தால் வண்டலோடு எழுந்து நிற்கிற நிலம். எங்கள் பக்கம் அதில் வாழை நிற்கும், மூங்கில் நிற்கும், ஓரமாக நாணல் நிற்கும். தாத்தா காலத்திலும் அப்படித்தான். அதற்கு முன்னால் அங்கே என்ன நின்றிருக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. காங்கரியில் அந்தக் கேள்விக்கு நேரில் பதில் கிடைக்கிறது. மனிதன் கோடாலி வைக்காமல் விட்டுவிட்டால் ஒரு பெரிய ஆற்றின் படுகை இப்படித்தான் இருக்குமாம்! அமெரிக்காவின் தென்கிழக்கில் ஒரு காலத்தில் கோடிக்கணக்கான ஏக்கரில் இப்படிப்பட்ட படுகைக் காடுகள் இருந்தன. வெட்டாத பழைய காடாக, ஒரே பரப்பாக மிஞ்சியதில் பெரியது இதுதான். பூங்காவின் மொத்தப் பரப்பு 26,000 ஏக்கருக்கும் மேல்.

உள்ளே போக மரப்பலகையால் பாதை போட்டிருக்கிறார்கள். முதலில் மேட்டு நிலத்தில் வழுவழுப்பான சாம்பல் பட்டை கொண்ட பீச் மரங்கள். பிறகு தரை சட்டென்று விலகிக் கீழே போய்விட, நாம் பாலத்தில் நடப்பதுபோல் ஆளுயரத்தில் நடக்கிறோம். வாசனைதான் முதலில் வந்தது. மட்கிய இலை, ஈரக் களிமண், எங்கோ ஒரு பூவின் இலேசான இனிப்பு. கோடையில் குளம் தூர்வாரும்போது கரையில் நின்றால் அடிக்குமே, அந்த மணம். ஏழு கடல் தாண்டி வந்து சேற்று வாசனையில் கண் கலங்குவான் ஒருவன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மகள் பார்க்காத மாதிரி முன்னே நடந்தாள்.

அந்தச் சேற்றுக்கும் ஒரு பெயர் உண்டு, டோரோவன் சேறு. களிமண்ணும் பழைய இலையும் சேர்ந்து எட்டடி ஆழத்துக்குக் கிடக்கிறதாம். மேலிருந்து வரும் தண்ணீரின் அழுக்கை வாங்கிக்கொண்டு, வடிகட்டித்தான் அடுத்த இடத்துக்கு அனுப்புகிறது. கால் வைத்தால் என்ன ஆகும் என்று எட்டிப் பார்த்தேன். மகள் என் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டாள்.

பாதையோரம் துருப்பிடித்த தகரக் கூடு ஒன்று கிடந்தது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு இருந்தபோது இந்தக் காட்டில் கள்ளச்சாராயம் காய்ச்சியிருக்கிறார்கள். அதன் மிச்சம்தான் அது. ஆற்றோரப் புதரைக் கண்டால் ஊறல் போடத் தோன்றுவது உலகப் பொதுக் குணம் போலிருக்கிறது!

இனி மரங்கள். எப்படிச் சொல்வது? நான் பார்த்தது தூண்கள். சைப்ரஸ் மரத்தின் அடி, யானைக் கூட்டமே ஒட்டி நிற்கிற அகலத்துக்குப் பருத்து, மடிப்பு மடிப்பாக விரிந்து, மேலே போகப் போகச் சிறுத்து, எங்கோ உயரத்தில் இளம்பச்சைத் துளிராகக் கரைகிறது. ஊசியிலைச் சாதியாம், ஆனால் குளிர்காலத்தில் இலை எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்குமாம். அதனால் இங்கே அதை மொட்டை சைப்ரஸ் என்றே அழைக்கிறார்கள். நாங்கள் போனது முடி முளைக்கிற பருவம். அதோடு போட்டி போட்டுக்கொண்டு தண்ணீர் டூப்பெலோ என்கிற இன்னொரு மரம், அதுவும் அடி பெருத்த சாதிதான்.

சைப்ரஸைச் சுற்றித் தரையிலிருந்து கட்டை கட்டையாக ஏதோ முளைத்து நிற்கின்றன. சிலது முழங்கால் உயரம், சிலது இடுப்பு உயரம், சிலது ஆளைத் தாண்டும். மங்கலான வெளிச்சத்தில் முக்காடு போட்ட கிழவிகள் கூட்டம் கூட்டமாகக் குந்தியிருப்பதாகவே எனக்குப் பட்டது. இவை அந்த மரத்தின் முட்டிகளாம். வேரிலிருந்து மேல்நோக்கி எழும்பியவை. “பிச்சாவரம் மாதிரி மூச்சு விடுற வேர்தானே?” என்று பெரிய அறிவாளியாகக் கேட்டேன். அங்கிருந்த ரேஞ்சர் அம்மாள் அகலத் தொப்பியைச் சரி செய்துகொண்டு சிரித்தார். பிச்சாவரத்துக் கண்டல் வேர்கள் மூச்சு விடுவது உறுதி. இந்த முட்டிகள் எதற்கு என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லையாம். மூச்சுக்காக என்கிறார்கள் சிலர். சேற்றில் மரம் சாயாமல் ஊன்றிக்கொள்ள என்கிறார்கள் சிலர். இத்தனை கூட்டமாக நம் கண்முன்னே உட்கார்ந்துகொண்டு இரகசியத்தையும் காப்பாற்றுகின்றனவே!

மரங்களைப் பார்த்துக்கொண்டே போனதில் ஒன்று தெரிந்தது. எல்லா அடிமரங்களிலும் ஒரே மட்டத்தில், நூல் பிடித்துக் கோடு போட்டமாதிரி ஒரு கறை. கோட்டுக்குக் கீழே வெளிறிய வண்டல் பூச்சு, மேலே பச்சைப் பாசி. என் மார்பு மட்டத்துக்கு இருந்தது. “போன வெள்ளத்தின் மட்டம்” என்றார் ரேஞ்சர். சராசரியாக வருஷத்துக்குப் பத்துத் தடவை இந்தப் படுகையில் வெள்ளம் ஏறுகிறது. கொலம்பியாவில் பிராடு என்றொரு ஆறும் சலூடா என்றொரு ஆறும் கூடிக் காங்கரி ஆகின்றன. மேல்நாட்டு மலைகளில் மழை பெய்தால் அந்தத் தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு இங்கே வந்து பரவி நிற்கும், பிறகு வடியும். பெயரில் முன்பு ‘சதுப்பு’ என்றும் சேர்த்திருந்தார்கள், பிறகு எடுத்துவிட்டார்கள். வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற இடம் அல்லவே இது. வந்து போகிற இடம்.

நாம் ஆடிப் பதினெட்டுக்குப் புதுத்தண்ணீரைக் கும்பிட்டுக் காப்பரிசி போடுகிறோம். வருஷத்துக்கு ஒரு பெருக்கிலேயே மனசு நிறைகிற ஊர். இந்த மரங்களுக்கோ பத்து ஆடிப்பெருக்கு! ஒவ்வொரு தடவையும் வண்டல் விருந்து. பிறகு ஏன் வளராது?

வளர்த்தி எப்படி என்றால், லாப்லாலி என்ற பைன் மரம் இங்கே 160 அடிக்கும் மேல் நிற்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தின் உச்சி 182 அடி என்பார்கள். அதற்கு ஓர் இருபது அடி குறைவாக, ஒற்றை மரம். அதுவும் பைன் வறண்ட மேட்டுநிலத்தை விரும்புகிற சாதி. வெள்ளப் படுகையில் அது இப்படி நிற்பதே அதிசயம் என்கிறார்கள். அண்ணாந்து பார்த்ததில் என் குரங்குக் குல்லா பின்னால் விழுந்தது. எடுத்துக்கொண்டு மறுபடியும் அண்ணாந்தேன், மறுபடியும் விழுந்தது. மாப்பிள்ளை அதைத் தம் சட்டைப்பையில் வாங்கி வைத்துக்கொண்டார்.

வெயில் ஏறியதும் காடு பேச ஆரம்பித்தது. தரையெங்கும் மஞ்சள். பட்டர்வீட் என்கிற செடி, வெள்ளம் வடிந்த சேற்றில் ஏக்கர் கணக்கில் பூத்துக் கிடக்கிறது, யாரும் விதைக்காமல். நடுநடுவே பாப்பா என்ற சிறுமரம், இலை வருமுன்பே கருஞ்சிவப்புப் பூக்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தது. நம் சீதாப்பழத்தின் குடும்பம். இதன் இலையைத் தின்றுதான் வரிக்குதிரைக் கோடு போட்ட ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு வளர்கிறது; வேறு எதையும் தொடாது. அந்தப் பூச்சிகள் இரண்டு, மரப்பாதைக்கு மேலே ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

டொக், டொக், டொக். ஊரில் தென்னையில் கேட்கிற மரங்கொத்திச் சத்தம் இல்லை இது. தச்சன் கதவை இடிக்கிற சத்தம். தலையில் தீப்பிடித்த மாதிரி சிவந்த கொண்டையோடு, காக்கை அளவில் ஒரு மரங்கொத்தி. பட்டைச் சில்லுகள் எங்கள் தலைமேல் விழுந்தன. அதற்கு நேர் எதிராக, தண்ணீரோரப் பொந்தில் கட்டைவிரல் பெருமன் மஞ்சள் குருவி ஒன்று. புரோதோனோட்டரி வார்ப்ளர் என்று மகள் சொன்னாள். இத்துனூண்டு குருவிக்கு இத்தனை நீளப் பெயரா என்றேன். குளிர்காலத்தைத் தென் அமெரிக்கப் பக்கம் கழித்துவிட்டு, கடலைத் தாண்டிக் குஞ்சு பொரிக்க வந்திருக்கிறது. நானும் விசா வாங்கி இருபது மணி நேரம் விமானத்தில் வந்த களைப்பைப் பெரிதாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், அதோடு நிறுத்திவிட்டேன்.

ஓரிடத்தில் சேறு முழுவதும் உழுதுபோட்டுக் கிடந்தது. ஏர் இல்லை, பன்றி. ஐரோப்பியர் இந்தக் கண்டத்துக்குக் கொண்டுவந்த பன்றிகளின் வாரிசுகள் காட்டில் பெருகிவிட்டன. கிழங்கு, முளை, புழு என்று எல்லாவற்றையும் கிளறித் தின்றுவிடுகின்றன. பூங்காவுக்குத் தீராத தலைவலி. நம் சீமைக் கருவேலத்துக்கு இங்கே நாலு கால்.

விழுந்த மரங்களை யாரும் அப்புறப்படுத்தவில்லை என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். 1989 செப்டம்பரில் ஹ்யூகோ என்ற சூறாவளி சார்ல்ஸ்டன் பக்கம் கரையேறி வந்து, இந்தக் காட்டின் பெரிய மரங்கள் பலவற்றைச் சாய்த்துவிட்டுப் போனது. சாய்ந்தவை சாய்ந்த இடத்திலேயே கிடந்து மட்குகின்றன. மேலே பாசி, காளான், பல்லி; உள்ளே வண்டு. திறந்துகொண்ட வானத்திலிருந்து வெயில் இறங்கி, கீழே கன்றுகள் முண்டியடித்து எழுந்திருக்கின்றன. எங்கள் ஊர்ச் சாலையில் ஒரு புளியமரம் விழட்டும், மறுநாளே ஏலம்!

ஏலம் விட இங்கேயும் ஆள் வந்தார்கள்தான். நூற்றிச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் சிகாகோவைச் சேர்ந்த பிரான்சிஸ் பைட்லர் என்ற மரவியாபாரியின் கம்பெனி இந்தப் படுகையை வாங்கியது. சைப்ரஸ் கட்டை அழுகாது. வீட்டுக்கும் படகுக்கும் கிராக்கி. ஆனால் காடு விட்டுக்கொடுக்கவில்லை. சேற்றில் மாட்டு வண்டியும் ஓடாது, தண்டவாளமும் நிற்காது. ஆற்றில் மிதக்க விட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். பச்சை சைப்ரஸ் கனத்தில் கல்லாக முங்கியது. சரி, நின்றபடியே காயட்டும் என்று அடிப்பட்டையை வளையமாகச் சீவிவிட்டுக் காத்திருந்து வெட்டினார்கள். அதிலும் பல கட்டைகள் மூழ்கின. ஓடையோரம் எட்டிய மட்டும் வெட்டிவிட்டு, சில வருஷங்களில் கணக்குப் பார்த்து, கட்டாது என்று நிறுத்திவிட்டார்கள். மற்ற படுகைகள் எல்லாம் மொட்டையானபோது இது தப்பியது அப்படித்தான். காவல்காரன் வேறு யாருமில்லை, வெள்ளம்தான்.

வெள்ளம் காத்தது பாதிக் கதை. மீதிக்கு ஒரு மனிதர் உண்டு. ஹாரி ஹாம்ப்டன், கொலம்பியாவின் ‘தி ஸ்டேட்’ நாளிதழ்க்காரர். இந்தக் காட்டில் வேட்டையாட வந்தவர், 1950களிலேயே இதைக் காப்பாற்றியாக வேண்டும் என்று எழுதவும் பேசவும் தொடங்கினார். அப்போது பெரிதாக யாரும் கூடச் சேரவில்லை. 1969இல் மரவிலை ஏறி, மறுபடியும் கோடாலி இறங்கியபோதுதான் ஊர் விழித்தது. இளைஞர்கள் கூடினார்கள், சங்கம் வைத்தார்கள், வாஷிங்டன்வரை போய்க் கதவைத் தட்டினார்கள். 1976இல் தேசிய நினைவிடம் என்ற பாதுகாப்பு வந்தது. 2003இல் தேசியப் பூங்கா ஆனது. வாசலில் கொசுமானி மாட்டியிருக்கிற கட்டடத்துக்கு ஹாம்ப்டனின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். துப்பாக்கியோடு காட்டுக்குள் போனவரின் பெயர் காட்டைக் காத்தவர் பெயராக நிற்கிறது. எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பிற்பகல் புளியோதரை முடித்துக்கொண்டு சீடர் ஓடையில் கயாக் விட்டோம். என்னை அந்த ஒல்லிப் படகில் உட்காரவைக்க மாப்பிள்ளையும் படகுக்காரப் பையனும் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். லைஃப் ஜாக்கெட் தாடையை இடிக்க, துடுப்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்று விளங்காமல், முதல் பத்து நிமிஷம் ஒரே இடத்தில் வட்டமடித்தேன். “மாமா, தண்ணியைக் குத்தாதீங்க, இழுங்க” என்றார் மாப்பிள்ளை. பரிசலில் பழகிய கைக்கு வட்டம்தானே வரும்?

ஓடைத் தண்ணீர் கறுப்பு. அழுக்கில்லை, இலைச்சாறு இறங்கி, பால் விடாத தேயிலை நிறம். அதில் மரங்கள் இரண்டு தடவை நின்றன, மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. ஒரு கிளைமேல் தடித்த பாம்பு சுருண்டு கிடந்தது. என் துடுப்பு தானாக நின்றுவிட்டது. இந்தப் பக்கம் காட்டன்மௌத் என்ற நச்சுப்பாம்பு உண்டு. வாயைப் பிளந்தால் உள்ளே பஞ்சு வெளுப்பு. இது அதுவல்ல, நஞ்சில்லாத தண்ணீர்ப்பாம்பு, கிளையில் படுத்து வெயில் காய்வது இதன் வழக்கம் என்று பையன் சமாதானம் சொன்னான். நான் சமாதானம் ஆகவில்லை.

ஆமைகள் கட்டையில் வரிசை கட்டி உட்கார்ந்து, நாங்கள் நெருங்க நெருங்க ஒவ்வொன்றாகப் பொத்தென்று குதித்தன. வளைவு திரும்பியதும் தண்ணீரில் குமிழி. மீசை வைத்த தலை ஒன்று மேலே வந்தது. நீர்நாய்! எங்களை ஏற இறங்கப் பார்த்து, ‘உஃப்’ என்று மூக்கால் ஊதிவிட்டு முங்கியது. கொள்ளிடத்திலும் நீர்நாய் உண்டு என்று கேட்டிருக்கிறேனே தவிர, இந்த அறுபத்துச் சொச்சம் வயதுவரை கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது.

வெயில் சாயும் நேரத்தில் தலைக்கு மேலே ஆந்தை குரல் கொடுத்தது, எட்டு மாத்திரை அளவில், தாளம் பிசகாமல். ஊரில் என்றால் ஆத்தா ‘சீ, தொலை’ என்று விளக்குமாற்றை எடுத்திருப்பாள். இங்கே உள்ளவர்களுக்கோ அந்தக் குரல் ‘யார் உனக்குச் சமைக்கிறார்கள், யார் உங்கள் எல்லாருக்கும் சமைக்கிறார்கள்’ என்று கேட்கிறதாம். நல்ல குடும்பப் பொறுப்புள்ள ஆந்தை. இன்னொன்று தூரத்திலிருந்து பதில் சொன்னது. படகை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சில நிமிஷத்தில்தான் இரண்டாம் எண் கொசுக்கள் தம் கடமையைச் செய்தன. எங்கள் ஊர்க் கொசுவுக்கு இவை ஒன்றும் இளைத்தவை அல்ல.

திரும்பும்போது பையன் கரையில் ஒரு திசையைக் காட்டி, வெள்ளத்தில் கால்நடைகள் ஏறி நிற்க அந்தக் காலத்தில் கட்டிய மண்மேடுகள் இந்தக் காட்டுக்குள் இருக்கின்றன என்றான். கட்டியவர்கள் அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள். அவர்களில் தப்பி ஓடியவர்களும் இதே காட்டுக்குள்தான் வந்து ஒளிந்து, குடிசை போட்டு வாழ்ந்தார்கள். குதிரையும் வேட்டைநாயும் தொடர முடியாத சேறு அவர்களுக்குக் கோட்டை. மரவியாபாரியைத் திருப்பி அனுப்பிய அதே சேறு. அதற்குப் பிறகு படகில் யாரும் வேடிக்கை பேசவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்கள் சார்லட்டிலிருந்தோ அட்லாண்டாவிலிருந்தோ ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. கிளம்புமுன் ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளம் ஏறினால் மரப்பாதையே முங்கிவிடும். ஏப்ரல் நல்ல மாதம்; கோடையில் முழுக்கைச் சட்டை இல்லாமல் இறங்காதீர்கள். மே நடுவிலிருந்து ஜூன் தொடக்கம்வரை, இரண்டு வாரம்போல, இந்தக் காட்டின் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் மின்னி, ஒரே நேரத்தில் அணையும். அதைப் பார்க்கக் குலுக்கல் முறையில்தான் அனுமதி, முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். குலுக்கலில் பெயர் விழாவிட்டால் பகலிலாவது போய்வாருங்கள். அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.